பம்பரத்துக்கு ஆட்டம் இரண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குழந்தைகள் வீட்டிலேயே பம்பரம் செய்து பழகலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பகுதியில் வந்திருந்த கட்டுரையை நானும் என் பேத்தியும் சேர்ந்து படித்தோம். பம்பரத்தைத் தேர்தல் சின்னமாக மட்டுமே சுவரில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் அதைக் கையில் எடுக்கச் சொன்னதற்கு முதலில் என் நன்றி. ஆனால், சுற்றும்போது ஆடுகிற பம்பரம் கெட்ட பம்பரம் என்றும், அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று செய்துகொள்வதே வழி என்றும் பொருள்படக் கட்டுரை முடிந்திருந்தது. ஆணியைக் கட்டையில் நேராக அடித்தால் போதும் என்றும், எடை கூடக் கூடப் பம்பரம் அதிக நேரம் சுற்றும் என்றும் போகிற போக்கில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. மூன்றையும் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். முதலில் டர்னராக, அதாவது கடைசல் வேலைக்காரனாக இருந்தேன். பிற்பாடு விசிறிகளின் சுழலும் பாகத்துக்கு பாலன்ஸ் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வுக்குப் பிறகு பெரம்பூர் வீட்டின் மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு நாலடி இடத்தில், பழைய மாவு கிரைண்டரிலிருந்து கழற்றிய அரை ஹெச்.பி. மோட்டாரை வைத்துச் சிறிய கடைசல் இயந்திரம் ஒன்றை அமைத்துக்கொண்டேன். அந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும்; பம்பரம் கடைய அது தாராளம். உளிகளும் இரண்டு அரங்களும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. அங்கே இதுவரை முப்பது, நாற்பது பம்பரங்கள் கடைந்திருப்பேன். அவற்றில் செய்தவுடனே ஆடாமல் சுற்றியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். மற்றவை எல்லாம் பிறகு திருத்தப்பட்டவையே. ஆடுகிறது என்பதற்காகத் தூக்கிப் போட்டிருந்தால் என்னிடம் இன்று நாலைந்து பம்பரங்களே மிஞ்சியிருக்கும்.

கட்டுரையாளர் ‘ஆட்டம்’ என்று ஒரே சொல்லால் குறித்தவை உண்மையில் இரண்டு வேறு அசைவுகள். ஒன்று, பம்பரம் சற்றே சாய்ந்த நிலையில் தலையால் மெல்ல வட்டமிடுவது. இதைத் தலைசுற்றல் என்று சொல்லிவைக்கிறேன். மற்றொன்று, பம்பரம் முழுவதுமே கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடிப்பது. விளிம்பு மங்கலாகத் தெரியும், தரையில் ‘கர்ர்’ என்று ஓசை எழும், சில சமயம் பம்பரம் துள்ளவும் செய்யும். இதை நடுக்கம் என்கிறேன். தலைசுற்றல் குறையே அல்ல. சாய்ந்த பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்க, சுழற்சியோ அதை விழவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட, அதன் விளைவாகத் தலை வட்டமிடுகிறது. உலகிலேயே மிகத் துல்லியமாகச் செய்த பம்பரமும் சாய்த்துவிட்டால் இப்படித்தான் வட்டமிடும். நடுக்கம்தான் குறை, அது திருத்தக் கூடிய குறை.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. 50 மி.மீ. விட்டமுள்ள தட்டையான வட்டுப் பம்பரம் ஒன்றின் நிறை மையம், அதாவது அதன் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளும் புள்ளி, ஆணியின் நுனியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் அதன் தலை ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்கு ஒருமுறை வட்டமிடும். வேகம் பாதியாகும்போது தலை முக்கால் வினாடிக்கு ஒருமுறை வட்டமிடும். அதாவது சுழற்சி தளரத் தளரத் தலைசுற்றல் விரைவாகும். நடுக்கமோ இதற்கு நேர்மாறு. அது சுற்றுக்கு ஒருமுறை நிகழ்வதால், தொடக்கத்தில் வேகம் மிகுந்திருக்கும்போதுதான் மிகக் கடுமையாக இருக்கும். வேகம் குறையக் குறைய அதுவும் அடங்கிவிடும். விட்டவுடனே நடுங்கிப் பின்னர் அமைதியாகும் பம்பரத்துக்கு பாலன்ஸ் இல்லை. விட்டவுடன் அசைவே தெரியாமல் நிமிர்ந்து நின்று ‘தூங்கி’, கடைசியில் மட்டும் தலை கிறுகிறுத்து விழும் பம்பரத்தில் பிழை ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைக் காதால் கண்டுபிடிக்க என் பேத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள்: எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் பம்பரத்தை விட்டால், நடுங்குகிற பம்பரம் தட்டையே பாடவைத்துவிடும்.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தலைசுற்றல் என்பது நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பூமியும் சாய்ந்து சுழலும் பம்பரம்தான். சூரியனும் சந்திரனும் அதன் நடுப்பகுதியின் புடைப்பை இழுப்பதால், அதன் அச்சு கிட்டத்தட்ட 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிட்டு வருகிறது. அதாவது ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில் என்றாலும், விண்மீன்களைக் கொண்டு கணக்கிடும் நம் தை முதல் நாள் ஜனவரி 14 வாக்கில் வருவதற்கு இதுவே காரணம். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று எழுதுகிற சுமார் 24 பாகை, பூமிப் பம்பரம் அன்றுமுதல் இதுவரை தலைசுற்றிய அளவு. இதைக் குறை என்று சொல்லிப் பூமியை ஒதுக்கிவிட முடியுமா?

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். நிறை மையம் சுழலும் அச்சின்மேல் அமையாததுதான் இதற்கு முதற்காரணம். பிழை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது தொந்தரவு செய்யும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 50 கிராம் பம்பரத்தில் நிறை மையம் வெறும் 0.2 மி.மீ. விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது இரண்டு, மூன்று தாள்களின் தடிமன். நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில், சுற்றுக்கு ஒருமுறை திசை மாறிக்கொண்டே வெளிப்பக்கமாக இழுக்கும் விசை பம்பரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி, எடையைப்போல் இரண்டு மடங்காகும். துள்ளாமல் என்ன செய்யும்? நாங்கள் தொழிற்கூடத்தில் விசிறிகளுக்கு ‘ஜி 6.3’ என்ற பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றினோம். அதே தரத்தை இந்தப் பம்பரத்துக்கு வைத்தால், 1500 சுற்றில் விலகல் 0.04 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.2 மி.மீ. விலகிய பம்பரமோ கார் சக்கரங்களுக்குரிய, கெடுபிடி குறைந்த ‘ஜி 40’ வகுப்பில்தான் நிற்கும். கார் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் டயரும் உண்டு. பம்பரத்துக்கு ஓர் ஆணியைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்த விலகல் பெரும்பாலும் ஆணியில் தொடங்குகிறது. ஆகவேதான் ஆணியை நேராக அடித்தால் போதும் என்ற வாக்கியத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கிளையிலிருந்து வெட்டிய கட்டையின் நடுவில் சோற்றி இருக்கும். அது மென்மையானது, எப்போதும் கட்டையின் சரியான நடுவில் இருப்பதுமில்லை. சுத்தியலால் அடிக்கப்படும் ஆணி, நாம் காட்டும் வழியை விட்டுவிட்டு மென்மையான வழியைத் தேடிப்போகும். மேலே நேராகத் தெரியும் ஆணி உள்ளே சாய்ந்திருக்கும். அதைவிட மோசம், கட்டை பிளந்துவிடும். நானே அப்படி ஒரு கருவேலங்கட்டையைப் பாழாக்கியிருக்கிறேன். மூன்று நாள் கடைந்து மெருகேற்றிய பம்பரம் கடைசி அடியில் இரண்டாகப் போனபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் மறக்கவில்லை. செய்ய வேண்டியது இதுதான்: கட்டை கடைசல் இயந்திரத்தில் பூட்டியிருக்கும்போதே, அதைக் கழற்றாமல், அதே அச்சில் துளையிட வேண்டும். 4 மி.மீ. ஆணிக்கு 3.5 மி.மீ. துளை சரியாக இருக்கும். கழற்றி மாட்டினால் நடு தப்பும் என்பது எந்த டர்னரும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம். கடைசல் இயந்திரம் இல்லாதவர்கள், கை டிரில் ஒன்றை மேசையில் அசையாதபடி கவ்வியால் இறுக்கி, நீண்ட போல்ட் ஒன்றில் கட்டையைப் பூட்டி, சுற்றவிட்டு அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டிக்கொள்ளலாம். அதே போல்ட் துளையே பிறகு ஆணிக்கும் நடுவாகிவிடுகிறது. துளையின் அகலத்துக்கு ஏற்ற ஆணியைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆணிக்கு அடுத்த குற்றவாளி மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்த வேப்பமரத்தின் கிளையொன்றைத் துண்டுகளாக்கிப் பரண்மேல் நிழலில் உலரப் போட்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கடைந்தபோது அதில் ஒரு பாதி செந்நிற வைரமாகவும் (முற்றிய உள்மரம்) மறு பாதி வெளிறாகவும் (முற்றாத வெளிமரம்) வந்தது. பார்க்க அழகாக இருந்தது. சுற்றவிட்டால் தாங்க முடியாத நடுக்கம். வடிவத்தில் ஒரு பிழையும் இல்லை, காலிப்பர் வைத்துப் பார்த்தாலும் வட்டம் வட்டமாகவே இருந்தது. வைரம் பாய்ந்த பக்கம் எடை கூடியது, வெளிறு எடை குறைந்தது; அவ்வளவே. இப்படிப்பட்ட கட்டையை எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும் பம்பரம் நடுங்கத்தான் செய்யும். பட்டறையில் கடைந்த பம்பரமும் விதிவிலக்கல்ல. விளையாட்டில் ஆக்கர், அதாவது எதிராளியின் பம்பரக் குத்து, வாங்கி விளிம்பில் சில்லு பெயர்ந்த பம்பரம் பிறகு சரியாகச் சுற்றாததற்கும் காரணம் இதுவே. எதிராளியின் ஆணி அதன் பாலன்ஸைக் கெடுத்துவிடுகிறது.

பிழையைக் கண்டுபிடிக்கும் முதற்சோதனைக்குப் பம்பரம் சுற்றவே வேண்டியதில்லை. விரலால் திருகிவிடும் பம்பரமாக இருந்தால் அதன் அச்சு மேலும் கீழும் நீண்டிருக்கும். சாட்டையால் விடும் பம்பரமாக இருந்தால், கடையும்போதே கொண்டையின் நடுவில் சிறு துளையிட்டு, ஆணியின் அதே தடிமனுள்ள கம்பியை அதில் தற்காலிகமாகச் செருகிக்கொள்ள வேண்டும். இரண்டு எஃகு ஸ்கேல்களை நிமிர்த்தி ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமதளம் பார்த்துக்கொண்டு, அவற்றின் விளிம்புகளின்மேல் அச்சைக் கிடத்தினால், எடை கூடிய பக்கம் தானாக உருண்டு கீழே வந்து நிற்கும். மேலே வந்து நிற்கிற இடத்தில் மிளகளவு மெழுகை ஒட்டி, மறுபடி கிடத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும்வரை மெழுகைக் கூட்டியோ குறைத்தோ வர வேண்டும். பொறுமை இருந்தால் கால்மணி நேர வேலை. ஆனால் ஸ்கேலின்மேல் கொஞ்சம் உராய்வு இருப்பதால் மிகச் சிறிய பிழைகளை இச்சோதனை காட்டாது. மிச்சத்தைச் சுற்றவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் நானே ஏமாந்தேன். சுற்றும் பம்பரத்தின் விளிம்பருகே பென்சிலை மெல்லக் கொண்டுபோனால், வெளியே பிதுங்குகிற பக்கத்தில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த பக்கமே கனத்த பக்கம் என்று முடிவு செய்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மெழுகை வைத்தேன். நடுக்கம் கூடியது. இன்னும் கொஞ்சம் மெழுகு வைத்தேன். பம்பரம் மேசையிலிருந்து குதித்து ஓடியது. முப்பது ஆண்டு அனுபவம் எங்கே போனது என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. பிறகுதான் உறைத்தது. தொழிற்கூடத்தில் சுழலும் பொருளை அசையாத தாங்கிகளில் இறுக்கிப் பிடித்திருப்போம். பம்பரத்தையோ யாரும் பிடித்திருக்கவில்லை. பிடிப்பில்லாமல் வேகமாகச் சுழலும் பொருள் தன் நிறை மையத்தைச் சுற்றியே சுழல முயலும். அப்போது கனத்த பக்கம் உள்ளே ஒடுங்க, இலேசான பக்கம்தான் வெளியே பிதுங்கிப் பென்சிலைத் தொடுகிறது. ஆக, கோடு விழுந்த இடத்திலேயே மெழுகை வைத்திருக்க வேண்டும். வேகம் குறைந்த நிலையில் கோடு விழும் இடம் நகர்ந்தும் போகலாம் என்பதால், பென்சிலை நம்புவதையே நான் இப்போது விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக நான் செய்வது சிறு குழந்தையும் செய்யக் கூடியது. பம்பரத்தின் விளிம்பை எட்டாகப் பிரித்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிடுவேன். சுமார் 0.1 கிராம் மெழுகை முதல் எண்ணில் ஒட்டிச் சுற்றவிட்டு, தட்டின் ஓசையைக் கேட்பேன். பிறகு அதே மெழுகை இரண்டாவது எண்ணுக்கு, மூன்றாவது எண்ணுக்கு என்று மாற்றிக்கொண்டே போவேன். எங்கோ ஓரிடத்தில் ஓசை குறையும். அதற்கு நேர் எதிரிடத்தில் கூடும். குறைந்த இடத்தை மையமாக வைத்து மெழுகின் அளவை மாற்றிப் பார்த்தால், தட்டு வாய் மூடும் கணம் ஒன்று வரும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் விட வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள கடினம். என் பேத்திக்கு வயது பதினொன்று. இதில் அவள் காது என் காதைவிடக் கூர்மை. எத்தனையாவது எண்ணில் ஓசை குறைந்தது என்பதை அவள்தான் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன்.

மெழுகு நிரந்தரமல்ல; சென்னை வெயிலில் அது இளகி இடம் பெயரும். ஆகவே, நகைக்கடைகளில் இருப்பதுபோன்ற சின்ன மின்னணுத் தராசில் அந்த மெழுகை நிறுத்துவிட்டு, அதே எடையை நிலையாகச் சேர்க்கவோ எதிர்ப்பக்கத்தில் குறைக்கவோ வேண்டும். குறைப்பதுதான் நல்லது என்று முதலில் நானும் நினைத்தேன். உலோகத்தில் அப்படித்தானே செய்துவந்தோம். மேலே சொன்ன 50 கிராம் பம்பரத்தின் 0.2 மி.மீ. விலகலை, அச்சிலிருந்து 25 மி.மீ. தள்ளியுள்ள விளிம்பில் திருத்த 0.4 கிராம் போதும். பித்தளைப் பம்பரமாக இருந்தால் 4 மி.மீ. அகலத் துளையை 4 மி.மீ. ஆழத்துக்கும் குறைவாகக் குடைந்தாலே 0.4 கிராம் வந்துவிடும். வேம்பு போன்ற மரத்திலோ அதே எடையை எடுக்க அந்தத் துளை 45 மி.மீ. ஆழம் போக வேண்டும், 50 மி.மீ. பம்பரத்தில் அது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கத்தை எட்டிவிடும். எனவே மரப் பம்பரத்தில் எடையைச் சேர்ப்பதே முறை. இலேசான பக்கத்தில் சிறு துளையிட்டுப் பித்தளைத் திருகாணி ஒன்றை முடுக்கி, தலை வெளியே தெரியாதபடி அரத்தால் ராவி, மேலே அரக்கு பூசிவிடுவேன். மீன்பிடிக்கும் ஈயக் குண்டைச் சிலர் இதற்குப் பயன்படுத்துவதுண்டு. ஈயம் நஞ்சு, குழந்தைகள் தொட்டு விளையாடும் பொருளில் அதை வைக்கவே கூடாது.

தட்டையான வட்டுப் பம்பரத்துக்கு இவ்வளவும் போதும். ஆனால் நம் ஊர்ச் சாட்டைப் பம்பரம் பேரிக்காய்போல் உயரமானது. மேற்பாதியில் ஒரு பக்கமும் கீழ்ப்பாதியில் அதற்கு எதிர்ப்பக்கமும் கனத்திருந்தால், ஸ்கேலின்மேல் கிடத்தும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி எந்தப் பிழையும் இல்லாததுபோல் நடிக்கும். சுற்றவிட்டதும் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்து அச்சையே சாய்த்துக் குலுக்கும். கிடையில் அமைதி, சுழற்சியில் நடுக்கம் என்றால் இதுதான் காரணம். அப்போது மெழுகை இரண்டு இடங்களில், மேல்விளிம்பில் ஒன்றும் ஆணிக்கு அருகே எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமாக, ஜோடியாக வைத்துச் சோதிக்க வேண்டும். ஆணிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் அங்கே எடை அதிகம் தேவைப்படும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பத்து வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதற்பம்பரம் வட்டாகவே இருக்கட்டும்.

எடை கூடினால் நேரம் கூடும் என்பது பாதி உண்மை. வடிவம் மாறாமல் எடை மட்டும் கூடினால், ஆணி நுனியின் உராய்வும் அதே அளவில் கூடிவிடும், அங்கே லாபமில்லை. தலைசுற்றலின் வேகமும் எடையைப் பொறுத்ததல்ல. லாபம் காற்றிடம் மட்டுமே: ஒரே வடிவமுள்ள மரப் பம்பரத்தையும் பித்தளைப் பம்பரத்தையும் காற்று ஒரே அளவில்தான் தடுக்கிறது, கனத்தது அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தக் கனத்தை முதலில் சுற்றவைக்க வேண்டியது நம் விரல்தான். எடையைக் கூட்டுவதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். 40 கிராம் மரத்தை 40 மி.மீ. விட்டமுள்ள வட்டாகக் கடைவதற்குப் பதில் 60 மி.மீ. வட்டாக, மெல்லியதாகக் கடைந்தால், சுழற்சியை எளிதில் விடாமல் பிடித்துக்கொள்ளும் திறன், பாடநூல்கள் நிலைமத் திருப்புத்திறன் என்று சொல்வது, இரண்டேகால் மடங்காகிறது. ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை.

உயரத்தையும் இங்கே சொல்ல வேண்டும், கட்டுரையில் அது இடம்பெறவே இல்லை. முன்பு சொன்ன 50 மி.மீ. வட்டுப் பம்பரத்தின் நிறை மையம் நுனியிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் இருந்தால், வேகம் நிமிடத்துக்குச் சுமார் 640 சுற்றுக்குக் கீழே இறங்கியதும் அதனால் நிமிர்ந்து தூங்க முடியாது. ஆணியைக் குட்டையாக்கி நிறை மையத்தை 10 மி.மீ.க்கு இறக்கினால், சுமார் 310 சுற்று வரை தூங்கும். அதற்கும் கீழே இறக்கினால் சிறிது சாய்ந்தவுடன் விளிம்பு தரையில் உரசிவிடும். ஆகவே எவ்வளவு குட்டை என்பதைத் தரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மொசைக் தரைக்குப் பொருந்துவது மொட்டை மாடித் தட்டோட்டுக்குப் பொருந்தாது. ஆணியின் நுனியை ஊசியாகக் கூராக்குவதும் தவறு. அது தரையைக் குடையும். சைக்கிள் கடையில் கிடைக்கும் முன்சக்கரத்து பால்ஸ் ஒன்றை, அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு விட்டமுள்ள எஃகுக் குண்டை, அச்சின் நுனியில் குழி செய்து பதித்துப் பாருங்கள். விரல் பம்பரத்துக்கு அது அவ்வளவு நன்றாக இருக்கிறது.

இவ்வளவும் செய்து முடித்த பம்பரம் ஐப்பசி மழையில் மறுபடி நடுங்கத் தொடங்கினால் மனம் தளர வேண்டாம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில் உப்பும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் உப்புவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் உப்புவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடையில் வட்டமாக இருந்தது கார்த்திகையில் நீள்வட்டமாகலாம். அரக்கு பூசினால் இது மட்டுப்படும், முற்றிலும் நிற்காது. சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடையும் கைவினைஞர்கள் வெட்பாலை மரத்தைத் தேர்ந்தெடுத்து, நன்கு உலர்த்தி, கடைசலிலேயே அரக்கைத் தேய்த்து ஏற்றுவதில் அழகுக்கு மட்டுமல்ல, இதற்கும் பங்குண்டு என்று நான் கருதுகிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அக்கட்டுரையைப் படித்துவிட்டு இந்த விடுமுறையில் எத்தனையோ வீடுகளில் கட்டையும் ஆணியும் சுத்தியலும் வெளியே வந்திருக்கும். துளையிடாமல் ஆணி அடிக்கக் கூடாது, கடையும்போதும் முதன்முதலில் சுற்றவிடும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்ற இரண்டையும் அடுத்த ஞாயிறு இதழில் திருத்தமாக வெளியிடுங்கள். மெழுகை எங்கே ஒட்டுவது என்பதை இடமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு எண்களும் போட்ட வட்டு ஒன்றின் படத்தை என் பேத்தி வரைந்திருக்கிறாள், இத்துடன் இணைத்துள்ளேன். அதில் ஆறாம் எண்ணுக்கு அருகே இருக்கும் கறை மெழுகுதான், காபி அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.